பாதி துடைத்த முகம்

வேலை நாட்களில் காலையில் நான் காப்பி குடிப்பதில்லை. காரச் சட்னி கிடையாது, வெறும் இட்லியும் தயிரும்தான். வெந்நீரில் வாயை நன்றாகக் கொப்புளித்துவிட்டுத்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவேன். அம்மாவுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஊரில் இல்லாத உத்தியோகம், ஒரு வாய் காப்பி குடிக்க விடாத உத்தியோகம் என்று முனகுவாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது என் தொழில் என்பது அவளுக்குத் தெரியும். எதை வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்பதை நெடுநாள் சொல்லாமல் இருந்தேன்.

எச்சிலை வைத்துத்தான். சிரிக்க வேண்டாம். எல்லாப் படத்துக்கும் இல்லை. எந்த மருந்துக்கும் வழிக்கு வராத சில படங்கள் உண்டு, அவற்றுக்கு மட்டும். மருந்து அழுக்கோடு சேர்த்து வண்ணத்தையும் பிடுங்கிவிடும். வெறும் தண்ணீர் அழுக்கை அசைக்கவே அசைக்காது. அந்த மாதிரி இடத்தில் மனுஷ வாயில் ஊறுகிற எச்சில் உடம்புச் சூட்டோடு போய் அழுக்கை மட்டும் கரைத்து எடுக்கும். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, படத்தின் மேல் மெதுவாக உருட்ட வேண்டும். பஞ்சு கறுத்ததும் எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு எடுப்போம். வேலை முடிந்ததும் தண்ணீர் தொட்ட பஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுப்போம். உலகத்தின் பெரிய பெரிய மியூசியங்களிலும் இதைச் செய்கிறார்கள். வடக்கே படிக்கப் போனபோது எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை.

"அரமனையில போயி இத வாயத் தொறந்து சொல்லிறாத தாயி" என்றாள்.

அரண்மனை என்று அவள் சொன்னது வாடிப்பட்டிக்குப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஜமீன் வீட்டை. ராஜ்ஜியம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, பட்டம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. பரம்பரையாகச் சேர்த்த எண்ணெய் ஓவியங்கள், தஞ்சாவூர்ப் படங்கள், தந்தச் சாமான்கள், வாள்கள், வெள்ளிப் பாத்திரங்கள், ஆளுயரக் கண்ணாடிகள் என்று அங்கே ஏகப்பட்டது பூட்டிக் கிடந்தது. முன்கட்டை ஓவிய மியூசியமாக மாற்றி எல்லாவற்றையும் ஜனங்கள் பார்க்க வைக்கலாம் என்று அந்தக் குடும்பம் முடிவு செய்தது. படங்களைச் சுத்தம் செய்ய என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். திறப்பு விழாவுக்குள் வேலை திருப்தியாக முடிந்தால் நிரந்தர வேலை என்று பேச்சு.

அந்த வேலை எனக்கு வேண்டும். இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை. படிப்புக்கும் பிழைப்புக்குமாக ஊர் ஊராக விடுதிகளில் கிடந்து அலுத்துப்போயிருந்தேன். அப்பா போன பிறகு அம்மா சிம்மக்கல்லில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். முழங்கால் வலியோடு படி இறங்கிக் காய்கறி வாங்கி, படி ஏறி ஒரு ஆளுக்குப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். இந்தியாவிலேயே என் தொழிலுக்கு ஆள் எடுக்கிற இடங்கள் கொஞ்சம். அதில் ஒன்று பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்போது கைவிட முடியுமா?

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அரண்மனையின் பழைய வயல்களை ஒட்டி இருக்கிற காலனிதான் எங்கள் பூர்வீகம். அந்த வயல்களில் நாற்று நட்டதும் அறுத்ததும் எங்கள் ஆட்கள். அம்மா சின்ன வயதில் பின்பக்கத்து மாட்டுத் தொழுவம் வரை போயிருக்கிறாள், முன்வாசலை ரோட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். யாராவது கேட்டால் சிம்மக்கல் என்று சொல், அதற்கு மேல் பேச்சை வளர்க்காதே என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள். முதல் நாளே ஜமீன் வாரிசு, எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுகிறவர், சொந்த ஊரே மதுரைதானா, எந்தப் பக்கம் என்று மெல்ல விசாரித்தார். நம்மூரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிம்மக்கல் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

சின்னவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அவருடைய அம்மாதான் ராணியம்மா. எண்பதுக்கு மேல் வயது, அரண்மனையின் ஒரே மகள், மாப்பிள்ளையை வீட்டோடு எடுத்துக்கொண்டார்கள். மியூசியம் என்ற யோசனைக்கு அவர் சம்மதித்ததே ஒரே ஒரு படத்துக்காக. அவரைப் பெற்றவளின் படம் அது. தாயார் சாகும்போது ராணியம்மா கைக்குழந்தை. முகம் ஞாபகமில்லை, போட்டோ எதுவும் மிஞ்சவில்லை, இருந்ததெல்லாம் யாரோ ஒரு ஓவியர் வந்து தங்கி வரைந்த அந்தப் படம்தான். அதற்கு அடியில் வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பூசிப் பூசி, புகையும் எண்ணெய்ப் பிசுக்குமாக முகமே தெரியாமல் போய்விட்டது. சிவப்புப் புடவையின் கரையும் கை வளையலும் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தன. கண் பார்வை முழுசாக மங்குவதற்குள் எங்கம்மா மூஞ்சியைப் பார்த்துவிட வேண்டும் என்று ராணியம்மா சொல்லியிருந்தாராம். அந்தப் படத்தை நான் எப்படிக் கொண்டுவருகிறேன் என்பதைப் பார்த்துத்தான் என் வேலை என்று சின்னவரும் சொல்லிவிட்டார்.

என்னிடம் இருந்த மருந்துகளை எல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி அளவுக்குத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு ஒவ்வொன்றுக்கும் இளகி வந்தது. எச்சிலைப் போலவே தயாரித்த மருந்து ஒன்று கடையில் கிடைக்கும், அதையும் வரவழைத்துப் பார்த்தேன், அதற்கும் சிவப்பு கசிந்தது. அந்த அம்மாளின் உதடும் அதே சிவப்பில்தான் வரைந்திருந்தது. கடைசியில் என் நாக்கில் நனைத்த பஞ்சை உருட்டினேன். பஞ்சு கறுத்தது, வண்ணம் அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மருந்து வாடை அடிக்கும், யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லி அறைக்கதவை உள்ளே பூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

நெற்றியின் வலது பாதி வந்தது. புருவம் வந்தது. பிறகு கண். மையிட்ட பெரிய கண், ஓவியர் அதில் ஒரு சொட்டு வெள்ளை வைத்திருந்தார். கன்னம், மூக்குத்தி எல்லாம் தெளிந்தன. பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி கரியிலுமாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அறையின் பின்கதவு திறந்தது. அது ஆணியடித்து மூடிய கதவு என்றே நான் நினைத்திருந்தேன். குச்சியை வாயிலிருந்து எடுத்து அந்தக் கன்னத்தில் வைக்கிறேன், நிமிர்ந்தால் சின்னவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாயில வச்சத எடுத்து எங்க அம்மாச்சி மூஞ்சியில தேய்க்கிறீங்க" என்றார்.

விளக்கினேன். எல்லா நாட்டிலும் உள்ள முறை என்றேன், மருந்து பட்டு நிறம் போன புள்ளியைக் காட்டினேன், மேஜையில் கிடந்த கறுத்த பஞ்சுகளைக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. குச்சியைக் கீழே வைக்கச் சொன்னார், வைத்தேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, முதல் நாள் பாதியில் விட்ட விசாரணையை எடுத்தார். சிம்மக்கல்லுக்கு எப்போது வந்தீர்கள், அதற்கு முன்னால் எங்கே, அப்பாவுக்கு எந்த ஊர். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது. அம்மா சொன்னது காதில் கேட்டது. வேலை வேண்டும், வாயை மூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் கேட்கவில்லை.

"உங்க வயக்காட்டுக் காலனிதான் சார். உங்க கெணத்துக்கு மேக்க ரெண்டாவது தெரு" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். முகத்தில் கோபம் கூட இல்லை, குமட்டல்தான் இருந்தது. இதற்கு மேல் படத்தைத் தொட வேண்டாம், நாளைக்கு ஆபீசில் வந்து கணக்கு முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அன்று எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அந்தப் படம் பாதியில் நிற்கிறதா என்றுதான் கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம் என்றாள். யார் பாவம் என்று கேட்பதற்குள் அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் என் சாமான்களை எடுக்கப் போனபோது அறைக்குள் ராணியம்மா உட்கார்ந்திருந்தார். படத்துக்கு எதிரே, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு. சின்னவர் ஜன்னல் பக்கம் நின்றார். நடந்தது முழுக்க ராணியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கிட்டப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தெளிந்த பாதியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, வேறு யாராவது இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். குச்சியை உருட்டத் தெரிய வேண்டும், எச்சில் யாருடையதாக இருந்தாலும் ஒன்றுதான் என்றேன்.

"அப்ப என் எச்சிய வச்சுத் தொடைச்சு விடு. எங்கம்மாவுக்கு நான்தான் தொடைக்கணும்" என்றார்.

ஒரு நொடி எனக்கு நெஞ்சு இளகியது. மறு நொடி சுரீரென்று உறைத்தது. அவர் எச்சிலை நான் கையால் வாங்கித் துடைக்கலாம், என் எச்சில் மட்டும் ஆகாது. தாய்ப் பாசமும் தீட்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன, அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ. சாமான்களை வாரிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அந்த ஒற்றைக் கண்ணை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, வேலையையும் விட மனசு வரவில்லை. வெற்றிலை போட்ட வாய், கறை ஏறும், நன்றாகக் கொப்புளித்துவிட்டு வர வேண்டும் என்றேன். கொப்புளித்துவிட்டு வந்தார்.

பஞ்சு சுற்றிய குச்சியைக் கொடுத்தேன். வாயில் வைத்தார், எடுத்தார். பஞ்சு காய்ந்தே இருந்தது. மறுபடி வைத்தார். கன்னத்தை உள்ளுக்கு இழுத்து, நாக்கைச் சுழற்றி, சின்னப் பிள்ளை மாதிரி பாடுபட்டார். வயசு, சர்க்கரை மாத்திரை, எல்லாமாக அவர் வாய் வறண்டு கிடந்தது. பஞ்சு நூல்தான் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"வரலையே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தானாகச் சொல்லிக்கொண்டார்.

நான் சின்னவரைப் பார்த்தேன். பாக்குப் பொட்டலத்தை நாள் பூராவும் மெல்லுகிற வாய் அவருடையது, அதுவும் ஆகாது. அவருக்கும் அது தெரியும். ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். திறப்பு விழாவுக்குப் பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. படமோ பாதி முகத்தோடு நிற்கிறது.

"நீயே முடி. ஒத்தக் கண்ணோட எங்கம்மாவ ஊரு பாக்க வேணாம்" என்றார் ராணியம்மா.

சின்னவர் சட்டென்று திரும்பினார். முடிக்கட்டும், ஆனால் முடித்த கையோடு ஐயரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்துவிடலாம் என்றார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தெளிக்கிற தண்ணீர் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கினால் வண்ணம் செதில் செதிலாக உதிரும், அப்புறம் துடைக்க முகமே இருக்காது என்றேன்.

"தெளிக்கிறதா இருந்தா சொல்லுங்க சார். நான் இப்பவே வாரேன்" என்று பையைத் தூக்கினேன்.

ராணியம்மா கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். எதுவும் தெளிக்க வேண்டாம், நீ வேலையைப் பார் என்று மட்டும் சொன்னார். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். முடியும்வரை அங்கேயே இருக்கப் போகிறார் என்று புரிந்தது.

உட்கார்ந்தேன். பஞ்சைச் சுற்றினேன், வாயில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை குறையாமல் ஊறிய வாய், இரண்டு ஜமீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போய்விட்டது. எச்சில் வரவில்லை என்று இவர்களிடமா சொல்வது? அவமானத்தில் கண் கலங்கியது. அழுது தொலைத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ராணியம்மா கண்டுபிடித்துவிட்டார். குனிந்து, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"கிளிமூக்கு மாங்கா நெனச்சுக்க. பச்சக் காய, உப்பும் மொளகாப்பொடியும் தொட்டு."

நினைத்தேன். சண்டாளி வாய், ஊறிவிட்டது. அவர் தொண்டையும் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பஞ்சை உருட்ட ஆரம்பித்தேன்.

நெற்றியின் இடது பாதி வந்தது. குங்குமம் கெட்டி தட்டிக் கிடந்த இடத்தில் ரொம்பப் பொறுமை வேண்டியிருந்தது. இரண்டாவது கண் வந்தபோது பின்னால் மூச்சு நிற்பது கேட்டது. கன்னம் வந்தது. கடைசியில் உதடு. அந்தச் சிவப்பு துளிகூடக் கசியாமல் வர வேண்டும் என்று நான் எந்தச் சாமியையும் கும்பிடாமல் என் கையை மட்டும் நம்பினேன். வந்தது. லேசாகத் திறந்து ஏதோ சொல்ல வாயெடுத்த உதடு. இருபது வயசு கூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. தண்ணீர் தொட்டு ஒற்றுவதற்காக நான் புதுப் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ராணியம்மா எழுந்துவிட்டார். தடியைக்கூட எடுக்கவில்லை. படத்துக்கு நேரே போய், ஐந்து விரலையும் குவித்து, ஈரம் காயாத அந்தக் கன்னத்தைத் தொட்டார். பிள்ளைகளைக் கொஞ்சும்போது நாம் செய்வதுதான், தொட்ட விரல்களை அப்படியே உதட்டில் வைத்து முத்தமிட்டார்.

"அம்மா!" என்றார் சின்னவர்.

கை உதட்டிலேயே நின்றது. என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சின்னவர் உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொப்புளியுங்கள் அம்மா என்று நீட்டினார். ராணியம்மா அதை வாங்கவில்லை. விரலையும் துடைக்கவில்லை.

"அவளுக்குக் குடு. காலையிலருந்து வாய் காயுது அவளுக்கு" என்றார்.

சின்னவர் நகரவில்லை. ராணியம்மாவே செம்பை வாங்கி என்னிடம் நீட்டினார். எங்கள் ஆட்களுக்கு அந்த வீட்டில் கஞ்சி ஊற்றியதெல்லாம் பனையோலைப் பட்டையில்தான். குடித்துவிட்டு அதையும் தூர எறிய வேண்டும். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அண்ணாந்து குடிப்பதுதான் எனக்கு இன்றைக்கும் பழக்கம், அது தானாக வரும். அன்று அண்ணாக்கவில்லை. சின்னவரைப் பார்த்துக்கொண்டே வாய் வைத்துக் குடித்தேன், செம்பு காலியாகும் வரை.

வேலை கிடைத்தது. ராணியம்மா சொல்லிவிட்டார், அதற்கு மேல் அங்கே பேச்சில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். விழா முடிந்த வாரம் சின்னவர் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பழைய வெள்ளிச் சாமான், வீட்டில் புழக்கம் இல்லை, ஏதாவது ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். அந்தச் செம்பு. அடியில் புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு இன்னும் மங்கவில்லை. அன்று வரை தினமும் தண்ணீர் மொண்ட செம்பு, என் வாய் பட்டதும் மியூசியத்துக்கு வந்துவிட்டது.

ராணியம்மாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன். வெள்ளிப் பொருளை உறை போடாத கையால் தொடக் கூடாது, விரல் பட்ட இடம் ரேகையோடு கறுத்துப்போகும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தச் செம்பை மட்டும் வெறுங்கையால், நன்றாக அழுத்திப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆத்திரத்தில்தான் செய்தேன். கறுக்கட்டும்.